ரசீது கையில் இருந்தாலும்

ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்களை வெறுப்பது அந்த நாட்டில் வெறும் மனப்போக்காக இருக்கவில்லை, சட்டமாகவே இருந்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்து 1882இல் கொண்டுவந்த சட்டம் 1943 வரை நீடித்தது. அப்படிப்பட்ட காலத்தில் அந்த மூவரும் 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஊர் திரும்பிய லாபியர் சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்பதுதான் கேள்வி. பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

1934இல் வெளியான இந்த ஆய்வை மனித மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அதில் ஓட்டைகள் உண்டு. தம்பதி நன்றாக உடுத்தியிருந்தார்கள், நல்ல ஆங்கிலம் பேசினார்கள், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரும் நின்றார். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வரவேற்பு மேசையில் இருந்தவரும் ஒரே ஆள்தானா என்பதும் தெரியாது. இருந்தாலும் இந்த ஆய்வு என் மனத்தை விட்டுப் போகாததற்குக் காரணம் வேறு. இன்று இதே சோதனையை நடத்தினால் முடிவு தலைகீழாக வரும் என்பதுதான் அது. எந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாலும், எல்லா வாடிக்கையாளர்களையும் சமமாக நடத்துகிறோம் என்று நிமிடத்தில் பதில் வரும். அழகான சொற்களில், பல நிறத்து முகங்கள் சிரிக்கும் படத்தோடு வரும். வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு நடப்பதுதான் வேறு.

வணிக நிறுவனங்கள் நிறத்தையும் இனத்தையும் பார்த்து வாடிக்கையாளரை நடத்தும் விதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே "கறுப்பர்களுக்கு அனுமதியில்லை" என்ற பலகையை நினைத்துக்கொள்கிறோம். பலகை இருந்தபோது குறைந்தபட்சம் எதிரி யார் என்று தெரிந்தது. இப்போது பலகை இல்லை, விதி இருக்கிறது. விதி எல்லோருக்கும் பொதுவானது. அதை யாருக்கு எப்போது நினைவூட்டுவது என்பது மட்டும் கடைக்காரரின் விருப்பம். பாகுபாடு குடியிருப்பது அந்த விருப்பத்துக்குள்தான் என்பது என் எண்ணம். பலகை இருந்த காலத்திலேயே சிலர் இந்த வித்தையைக் கற்றுவைத்திருந்தார்கள்.

வயலா டெஸ்மண்ட் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் அழகுக்கலைத் தொழில் நடத்திய கறுப்பினப் பெண்மணி. 1946 நவம்பர் 8 அன்று தொழில் விஷயமாகப் போய்க்கொண்டிருந்த வழியில் கார் பழுதாகி நியூ கிளாஸ்கோ என்ற சிறு ஊரில் தங்க வேண்டியதாயிற்று. பொழுதைப் போக்க ரோஸ்லாண்ட் திரையரங்குக்குப் போனார். அவருக்குக் கிட்டப்பார்வை. அதனால் கீழ்த்தளத்துக்கு டிக்கெட் கேட்டார். கொடுத்தது மாடத்துக்கான டிக்கெட். அது தெரியாமல் கீழே போய் உட்கார்ந்தவரை மேலே போகச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து, கூடுதல் காசைத் தருகிறேன், கீழ்த்தள டிக்கெட்டாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். உங்கள் ஆட்களுக்குக் கீழ்த்தள டிக்கெட் விற்க எனக்கு அனுமதியில்லை என்று டிக்கெட் விற்ற பெண் சொல்லிவிட்டார். டெஸ்மண்ட் மறுபடியும் போய்க் கீழே உட்கார்ந்தார். போலீஸை வரவழைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரவு முழுவதும் சிறையில் வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நீதிமன்றத்தில் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வரி ஏய்ப்பு. கீழ்த்தள டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி 3 சென்ட், மாட டிக்கெட்டுக்கு 2 சென்ட். ஒரு சென்ட் வரியை அரசுக்குச் செலுத்தாமல் ஏமாற்றினார் என்று வழக்கு. கறுப்பர்கள் மாடத்தில்தான் உட்கார வேண்டும் என்று அந்த மாகாணத்தில் எந்தச் சட்டமும் இல்லை. அதனால் வரிச் சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். விசாரணை நெடுகிலும் நிறம் என்ற பேச்சே எழவில்லை. 20 டாலர் அபராதம், 6 டாலர் செலவுத் தொகை என்று தீர்ப்பானது. அந்த ஒரு சென்டைத் தானே கொடுக்க முன்வந்த பெண்மணிக்கு. அவர் 1965இல் இறந்தார். நோவா ஸ்கோஷியா மாகாணம் 2010இல் மன்னிப்புக் கேட்டு, குற்றத்தை ரத்துசெய்தது. 2018இல் கனடாவின் 10 டாலர் நோட்டில் அவர் முகம் வந்தது. ஒரு சென்டுக்காகத் தண்டிக்கப்பட்டவரின் முகம் நோட்டில் வருவதை நீதி என்பதா, வேடிக்கை என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்த வரி வழக்கின் வாரிசுகளைப் பிறகும் பார்க்கலாம். அமெரிக்காவின் டென்னிஸ் உணவகத் தொடர் மீது 1990களின் தொடக்கத்தில் குவிந்த புகார்களில் ஒன்று, கறுப்பின வாடிக்கையாளர்களிடம் மட்டும் சாப்பிடும் முன்பே பணம் கேட்கிறார்கள் என்பது. முன்பணம் கேட்பது குற்றமா என்றால் இல்லைதான். பக்கத்து மேசையில் கேட்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1993 ஏப்ரல் 1 அன்று அனாபொலிஸ் நகரத்தின் டென்னிஸ் கிளை ஒன்றில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த காவலர் குழு ஒன்று காலை உணவுக்குப் போனது. வெள்ளைக்காரச் சகாக்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் கறுப்பினக் காவலர்கள் 6 பேருக்குத் தட்டு வரவில்லை. சமையலறை மெதுவாக இயங்கியது என்று விளக்கம் வந்தது. நாட்டின் அதிபரைக் காக்கத் தகுதியானவர்களுக்கு ஒரு முட்டைப் பொரியல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் வழக்குகளைத் தீர்க்க 5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

2018 ஏப்ரல் 12 அன்று பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பார்கள். கறுப்பின இளைஞர்கள் இருவர் ஒரு தொழில் சந்திப்புக்காக வந்து மூன்றாமவருக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் கழிப்பறை கேட்டார். வாங்குபவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. சரி என்று போய் உட்கார்ந்தார். அவர்கள் உள்ளே வந்து சில நிமிடங்களுக்குள்ளேயே மேலாளர் போலீஸை அழைத்துவிட்டார். காபிக் கடை என்பதே ஆள் வரும்வரை காத்திருப்பதற்காகத்தானே இருக்கிறது? அதைத்தான் அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக விளம்பரப்படுத்தி வந்தது, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அடுத்து மூன்றாவது இடம் நாங்கள் என்று. கைவிலங்கு மாட்டும்போது, இவர்கள் என்ன செய்தார்கள் என்று பக்கத்து மேசைக்காரர்கள் கேட்பது காணொளியில் கேட்கிறது. நாங்களும்தான் எதுவும் வாங்காமல் இப்படி உட்கார்ந்திருக்கிறோம், எங்களை யாரும் எதுவும் சொன்னதில்லை என்று பிறகு பல வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள்.

அந்தச் சாட்சியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. கடையின் விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் மேலாளர் செய்தது சரி. விதி யாரிடம் தூங்குகிறது, யாரிடம் விழித்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்து மேசைக்காரர்களால் மட்டுமே சொல்ல முடிந்தது.

எனக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. வெளிநாட்டில் ஒரு பல்பொருள் அங்காடிக்குள், என்னைவிட வெளுத்த நிறமுள்ள அலுவலகத் தோழி ஒருவருடன் போயிருந்தேன். இருவர் முதுகிலும் ஏறக்குறைய ஒரே அளவுப் பை. நுழைந்ததும் காவலாளி சிரித்த முகத்தோடு என் பையை மட்டும் வாங்கி, எண் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். "விதி அப்படி, ஐயா" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தோழி தன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பை அவர் முதுகிலேயே இருந்தது.

அவர் இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால்? பைகளை வாசலில் வைக்கச் சொல்லும் கடை என்று நினைத்துக்கொண்டு பொருளை வாங்கி, பையை எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்திருப்பேன். தனி ஆளாக இருக்கும் வாடிக்கையாளருக்குத் தனக்கு நடந்தது மட்டும்தான் தெரியும். பக்கத்து வரிசையில் இருப்பவருக்கு நடக்காதது தெரியாது. மறுபக்கம், உண்மையிலேயே அந்தக் காவலாளி எல்லோர் பையையும் வாங்குபவராக இருந்து, தோழி நுழைந்த நேரத்தில் கவனம் பிசகியிருக்கலாம். இந்த "இருக்கலாம்" என்ற சொல்லை இரவு வரை சுமக்க வேண்டியிருப்பதைத்தான் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. பொருளுக்கான பணத்தோடு சேர்த்து இந்தச் சந்தேகத்தையும் கட்டணமாகக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. வீட்டில் சொன்னால், எல்லாவற்றையும் பெரிதுபடுத்தாதே என்பார்கள்.

ஆகவே ஆய்வாளர்கள் அந்தத் தோழியைச் செயற்கையாக உருவாக்கினார்கள். இயன் அய்ரஸ், பீட்டர் சீகல்மன் என்ற இருவர் சிகாகோ வட்டாரத்தில் கார் விற்பனை நிலையங்களுக்கு ஆட்களை இணை இணையாக அனுப்பினார்கள். ஒரே மாதிரி உடை, ஒரே பேரம் பேசும் முறை, கேட்டால் சொல்வதற்கு ஒரே பதில்கள், கேட்பது ஒரே கார். இணையில் ஒருவர் எப்போதும் வெள்ளைக்கார ஆண். மற்றவர் கறுப்பின ஆணாகவோ பெண்ணாகவோ, வெள்ளைக்காரப் பெண்ணாகவோ இருப்பார். 300க்கும் மேற்பட்ட இணைச் சோதனைகளின் முடிவு 1995இல் வெளியானது. வெள்ளைக்கார ஆணுக்குச் சொன்ன இறுதி விலையைவிடக் கறுப்பின ஆணுக்குச் சொன்ன விலை சராசரியாக 1,000 டாலருக்கும் அதிகம். அந்தக் கறுப்பின வாடிக்கையாளர் யாரையும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, கைகுலுக்கி, தள்ளுபடி தருவதாகவும் சொல்லித்தான் அனுப்பினார்கள். பேரம் பேசி 500 டாலர் குறைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய எத்தனை பேருக்குத் தாம் ஏமாந்தது கடைசி வரை தெரியாமல் போயிருக்கும்!

பேரம் இல்லாத இணைய வணிகம் வந்தால் இது ஒழியும் என்று நினைத்தவர்கள் உண்டு. திரையில் முகம் இல்லை, விலை எல்லோருக்கும் ஒன்று. ஆனால் பெயர் இருக்கிறதே. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி வழியாக வீடு வாடகைக்கு விடுபவர்களுக்குக் கற்பனை விருந்தினர்களின் பெயரில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பினார்கள். கேட்டதும் கறுப்பினத்தவர் என்று தோன்றும் பெயர்களுக்கு, வெள்ளைக்காரப் பெயர்களைவிடச் சம்மதம் சுமார் 16 சதவீதம் குறைவாகக் கிடைத்தது. வாடகைக் கார் செயலிகளில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. ஊபரில் ஓட்டுநர் பயணத்தை ஏற்ற பிறகுதான் பயணியின் பெயர் தெரியும். ஏற்கும்போது பாகுபாடு காட்ட வழியில்லை. எனவே ஏற்றுக்கொண்டு, பெயரைப் பார்த்துவிட்டு ரத்துசெய்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, பாஸ்டனில் கறுப்பினப் பெயர் வைத்திருந்த பயணிகளுக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் ரத்து நடந்தது. ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, பிடிபட்டால் சட்டம் என்ன செய்யும்? இங்கேதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதற்குப் பின்னால் இருந்த போராட்டங்களில் ஒன்று 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரத்தின் வுல்வொர்த் கடையில் தொடங்கியது. கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் நால்வர் முதலில் அந்தக் கடையிலேயே பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். இங்கே உங்களுக்குப் பரிமாறுவதில்லை என்றபோது, இரண்டடி தள்ளி எங்கள் காசை வாங்கிக்கொண்டீர்களே என்று கேட்டார்கள். பற்பசை விற்கும் கல்லாவுக்கு நிறம் தெரியவில்லை, காபி விற்கும் கல்லாவுக்குத் தெரிந்தது. நாள்தோறும் கூட்டம் பெருகி, ஊர் ஊராகப் பரவி, ஜூலை மாதம் அந்தக் கடை இறங்கிவந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த சட்டத்தின் இரண்டாம் பகுதி விடுதி, உணவகம், பெட்ரோல் நிலையம், திரையரங்கு போன்ற இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. பட்டியலைக் கவனமாகப் படித்தால் ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். சாதாரணச் சில்லறைக் கடை அதில் இல்லை. துணிக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை எதுவும் இல்லை. காபி விற்கும் கல்லாவைச் சட்டம் பிடித்துக்கொண்டது, பற்பசைக் கல்லாவை விட்டுவிட்டது. வாங்கத்தான் எங்கும் விடுகிறார்களே என்ற எண்ணமாக இருக்கலாம். மாநிலச் சட்டங்கள் சில இடங்களில் இந்த ஓட்டையை அடைக்கின்றன. தேசிய அளவில், கடையில் அவமானப்பட்டவர் 1866ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தைத் தேடிப் போக வேண்டும். அடிமை முறை ஒழிந்த கையோடு வந்த சட்டம் அது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை எல்லா இனத்தவருக்கும் வெள்ளைக்காரருக்கு இருப்பது போலவே இருக்கும் என்கிறது.

ஒப்பந்தம். அதாவது கொள்முதல். இந்தச் சொல்லை நீதிமன்றங்கள் எப்படிப் படித்தன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1996இல் கான்சஸ் மாநிலத்தில் டில்லார்ட்ஸ் என்ற பெரிய கடையில் கறுப்பினப் பெண் ஒருவர் தன் உறவுக்காரப் பெண்ணுடன் குழந்தைக்குத் துணி வாங்கினார். பணம் கட்டியதும் இலவச வாசனைத் திரவிய மாதிரிக்கான கூப்பனைக் கொடுத்தார்கள். அதை வாங்க அந்தப் பிரிவுக்குப் போனார்கள். கூப்பனை நீட்டிக்கொண்டிருக்கும்போது பாதுகாவலர் வந்து நிறுத்தினார். பையைக் கவிழ்த்து, உள்ளே இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வழக்குப் போட்டார்கள்.

கடையின் வாதம் எளிமையானது. துணி வாங்கிப் பணம் கட்டியாயிற்று, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்த சோதனை எந்த ஒப்பந்தத்தையும் தடுக்கவில்லை. இந்த வாதத்தை வேறு பல வழக்குகளில் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. பின்தொடர்ந்தார்கள், முறைத்தார்கள், சந்தேகப்பட்டார்கள், ஆனால் பொருளை விற்றார்கள் அல்லவா? அப்படியானால் உரிமை மீறல் இல்லை என்று. இந்தப் பெண்மணியைக் காப்பாற்றியது அந்தக் கூப்பன். துணி வாங்கியதால் கிடைத்த கூப்பன் என்பதால் அதைக் கொடுத்துத் திரவியத்தைப் பெறுவதும் ஒப்பந்தத்தின் பகுதிதான், அதைக் காவலர் இடைமறித்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஜூரிகள் 10 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தது.

கூட வந்த உறவுக்காரப் பெண்ணின் வழக்கு தள்ளுபடியாயிற்று. அதே கடை, அதே காவலர், அதே நிமிடம், அதே அவமானம். ஆனால் அவர் எதுவும் வாங்கவில்லை. கடையில் பாகுபாடில்லாமல் நடத்தப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே ஒப்பந்தமாகிவிடாது என்று தீர்ப்பு சொல்கிறது. சட்ட நுணுக்கத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். மனிதர் கடைக்குள் கழிக்கும் நேரத்தில் கல்லா முன் நிற்கும் அரை நிமிடம் மட்டும்தான் பாதுகாக்கத் தக்கது என்று இதற்குப் பொருள். மீதி நேரமெல்லாம், அலமாரிகளுக்கு நடுவே பின்னால் கேட்கும் காலடிச் சத்தம் உட்பட, யாருடைய கணக்கிலும் வராது.

கடைக்காரர்கள் சொல்லும் இன்னொரு சாக்கு உண்டு. எனக்கு ஒன்றுமில்லை, மற்ற வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள். மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் 1943இல் லண்டனில் ஒரு விடுதியில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்துவிட்டுக் குடும்பத்தோடு போனார். ஓர் இரவுதான் தங்கலாம் என்றார்கள். அமெரிக்க ராணுவத்தார் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். அவர் வழக்குத் தொடுத்து 1944இல் வென்றார். இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் பிரிட்டனில் அப்போது கிடையாது. விடுதி நடத்துபவர் நியாயமான காரணமில்லாமல் பயணியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பழைய பொதுச் சட்ட விதியைப் பிடித்துத்தான் வென்றார். இழப்பீடு 5 கினி, அதாவது ஐந்தேகால் பவுண்டு.

ஜப்பானின் ஓட்டாரு நகரத்தில் ஒரு வெந்நீர்க் குளியலகம் இதே சாக்கைச் சொல்லி வெளிநாட்டவர்களை அனுமதிக்க மறுத்தது. ரஷ்ய மாலுமிகள் வந்தால் உள்ளூர்க்காரர்கள் வரமாட்டார்கள் என்றது. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்து பின்னர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். குடியுரிமைத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். நீங்கள் ஜப்பானியர் என்பதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, மற்றவர்கள் குழம்புவார்கள் என்று மறுபடியும் அனுப்பிவிட்டார்கள். 2002இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் வழக்காடிய மூவருக்கும் தலா 10 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. குடியுரிமைத் தாள் செல்லாத இடத்தில் முகம்தான் அடையாள அட்டை. இந்தச் சாக்கைச் சொல்பவர்களைக் கண்டு எனக்கு வெறுப்பைவிட அலுப்புதான் அதிகம். தன் வெறுப்பைத் தன்னுடையது என்று சொல்லக்கூடத் துணிவில்லாமல் பக்கத்து மேசைக்காரர் தலையில் கட்டுகிறார்கள்.

முகத்தை இப்போது இயந்திரமும் பார்க்கிறது. அமெரிக்க மருந்துக்கடைத் தொடராக இருந்த ரைட் எய்ட் 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கிளைகளில் முகமறியும் கேமராக்களை வைத்திருந்தது. முன்பு திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் படங்கள் ஒரு பட்டியலில் இருக்கும். உள்ளே வருபவர் முகம் அதோடு பொருந்துகிறது என்று இயந்திரம் சொன்னால் ஊழியரின் கைப்பேசிக்குத் தகவல் போகும். ஊழியர் பின்தொடர்வார், சோதிப்பார், வெளியே அனுப்புவார், சில நேரம் போலீஸையும் அழைப்பார். பட்டியலில் இருந்த படங்கள் பலவும் தெளிவில்லாதவை. தவறான பொருத்தம் கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அதிகம் வாழும் பகுதிக் கடைகளில் கூடுதலாக நேர்ந்ததாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் கண்டது. 11 வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் 5 ஆண்டுகளுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தார்கள். காவலாளியிடமாவது ஏன் என்று கேட்கலாம். கேமரா சொன்னது என்று ஊழியர் கையை விரித்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

யாரையும் பார்க்காமலே பாகுபாடு காட்டலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமேசான் அன்றே பொருளைக் கொண்டுவந்து தரும் சேவையைத் தொடங்கியபோது, 2016இல் பத்திரிகையாளர்கள் அதன் வரைபடத்தைப் பார்த்தார்கள். பாஸ்டன் நகரத்தில் சுற்றியுள்ள பகுதிகளுக்கெல்லாம் சேவை இருந்தது. நடுவில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ராக்ஸ்பரிக்கு மட்டும் இல்லை. வண்டி அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். இனத்தை நாங்கள் பார்ப்பதேயில்லை, சந்தாதாரர் எண்ணிக்கை, கிடங்கின் தொலைவு போன்றவற்றைத்தான் பார்க்கிறோம் என்றது நிறுவனம். நான் அதை நம்புகிறேன். நம்புவதால் என் கவலை குறையவில்லை. விஷயம் வெளியே வந்ததும் ராக்ஸ்பரிக்கும் சேவை போயிற்று, அதுவும் சில நாட்களில்.

இப்படி அம்பலமாகும்போதெல்லாம் நிறுவனங்கள் செய்வது பயிற்சி வகுப்பு. பிலடெல்பியா விவகாரத்துக்குப் பிறகு 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆயுள் முழுக்கச் சேர்ந்த பழக்கம் நான்கு மணி நேரத்தில் கரையும் என்று அந்த நிறுவனமே நம்பியிருக்குமா? என் பார்வையில் அதைவிட உருப்படியானது, எதுவும் வாங்காதவர்களும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அப்போது அவர்கள் விதியையே மாற்றியது. யாரைத் துரத்துவது, யாரை விடுவது என்று மேலாளர் முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 2025 ஜனவரியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கடையில் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. யார் வாடிக்கையாளர் என்று முடிவுசெய்யும் வேலை மறுபடியும் மேலாளரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

வால்மார்ட் சில கிளைகளில் கறுப்பினத்தவர் பயன்படுத்தும் தலைமுடிப் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தது. மற்றவர்களின் ஷாம்பு பக்கத்திலேயே திறந்த அலமாரியில் இருக்கும். பூட்டிய பெட்டிக்கு ஊழியரைத் தேடிக் கூப்பிட்டு, அவர் சாவியோடு வந்து திறந்து கொடுக்க வேண்டும். 2020 ஜூனில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். இதற்கு யாருடைய மனமும் மாற வேண்டியதில்லை, பெட்டியைத் திறந்தால் போதும். எனக்கு இந்த வகைத் திருத்தங்கள்தான் பிடிக்கின்றன. மனங்களை மாற்றுவோம் என்ற பேச்சு காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் மாறியதா என்று யாராலும் அளக்க முடியாது. நிறுவனங்களே வெளியாட்களைக் கொண்டு தங்கள் கடைகளில் இணைச் சோதனை நடத்தி, வந்த எண்களை ஆண்டறிக்கையில் லாபக் கணக்குக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று நான் சொல்வேன். சேவைத் தரத்தைச் சோதிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆளனுப்பும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே ஆட்களை இரண்டு நிறங்களில் அனுப்பினால் ஆயிற்று.

ஏர்பிஎன்பி ஓரளவு இந்தத் திசையில் போனது. 2018இல், விருந்தினரின் படத்தை முன்பதிவு உறுதியான பிறகுதான் வீட்டுக்காரருக்குக் காட்டுவோம் என்று அறிவித்தது. படம் போனது, பெயர் இருந்தது. ஓரிகன் மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு, 2022 ஜனவரி இறுதியிலிருந்து அந்த மாநிலத்தில் வசிக்கும் விருந்தினர்களின் முதலெழுத்து மட்டும் முன்பதிவுக்கு முன் தெரியும்படி மாற்றினார்கள். ஓரிகனில் வசிப்பவருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. எல்லைக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்கும் அவருடைய அக்காவோ தம்பியோ அதே வீட்டை அதே தேதிக்குக் கேட்டால், பெயரோடுதான் கேட்க வேண்டியிருந்தது.